கடல்ல ஓடுனதாச் சொல்லி எங்க புள்ளைங்களக் கழிச்சுட்டாங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நான் மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவுல வடகடல், அதான் பாக் விரிகுடா, ஓரத்து ஊர்ல இருக்கேன், சின்னதா ஒரு டெய்லர் கடை வச்சிருக்கேன், வீட்டுக்காரர் நாட்டுப்படகுல தொழிலுக்குப் போறவரு, மூத்த மக எட்டாவது படிக்கிறா. உங்க பேப்பர் எதுத்தாப்புல டீக்கடைக்கு வரும், விளையாட்டுப் பக்கத்த மக போய் வாங்கிட்டு வந்து படிச்சுட்டுத் திருப்பிக் குடுப்பா. இந்த ஆடி மாசம் நடந்த ஒரு விஷயத்த உங்க மூலமா நாலு பேருக்குத் தெரியப்படுத்தணும்னு எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்கங்க.

ஸ்கூல் புள்ளைங்களுக்கு ஆன்லைன்ல ஒரு ஓட்டப்பந்தயம் வச்சாங்க, விர்ச்சுவல் கிராஸ் கன்ட்ரின்னு பேரு. அவங்கவங்க ஊர்லயே 3 கிலோமீட்டர் ஓடணும், வெள்ளி சனி ஞாயிறு மூணு நாள்ல எப்ப வேணா ஓடலாம், கையில போன் இருக்கணும், போன்ல உள்ள ஆப் ஓடுன தூரம், நேரம், போன பாதை எல்லாத்தயும் பதிவு பண்ணும், அத அனுப்பி வச்சா அவங்க லிஸ்ட் போடுவாங்க, இதுதான் ஏற்பாடு. நடத்துனவங்க பேரு இங்க வேணாம், அவங்களத் திட்டணும்னு நான் எழுத உக்காரல.

இந்த ஏற்பாடு எங்கள மாதிரி ஊருக்கு எம்புட்டு பெரிய விஷயம்னு முதல்ல சொல்லிடுறேன். மாவட்டப் போட்டின்னா ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி ஸ்டேடியத்துக்குப் போகணும், காலையில ஏழு மணிக்கு அங்க நிக்கணும்னா விடியறதுக்கு முன்னாடியே ரோட்டுல போய் பஸ்ஸுக்கு நிக்கணும், புள்ளையோட ஒரு ஆளு போகணும், எனக்கு ஒரு நாள் கடை போச்சு, ரெண்டு பேருக்கு பஸ் காசு சாப்பாட்டுக் காசு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்ப விசைப்படகுக்கு வேலைக்குப் போற வீடுகள்ல கையில ஒரு ரூபா பொழங்காது, அந்த வீட்டுப் புள்ளைங்க போட்டி இருக்குன்னு வீட்டுல சொல்றதே இல்ல. பொம்பளப் புள்ளைங்க கதை இன்னும் மோசம். வயசுக்கு வந்துட்டா ஓட்டத்த நிறுத்திடுவாங்க, ஆளுங்க பாக்க ட்ரவுசர் போட்டு ஓடணுமான்னு கேப்பாங்க, எங்க மாமியாரும் கேட்டாங்க. ஆனா சொந்த ஊரு கடக்கரையில, சித்தப்பன் மாமன் எல்லாம் நிக்கிற எடத்துல, சுடிதார் பேண்ட் போட்டுக்கிட்டு ஓடலாம்னு சொன்னதும் அதே மாமியாருதான் அன்னைக்கு தண்ணிச் செம்போட மணல்ல வந்து உக்காந்திருந்தாங்க.

எங்க ஊர்ல இருந்து அஞ்சு புள்ளைங்க பேரு குடுத்துச்சுங்க, மூணு பொண்ணு ரெண்டு பையன். பிடி சாரு ரொம்ப அக்கறையா எடுத்துக்கிட்டாரு. தூரத்த போன நம்பி அளக்க வேணாம், நாமளே அளப்போம்னு 100 மீட்டர் நைலான் கயிறு ஒன்ன டேப் வச்சு அளந்து எடுத்துட்டு வந்து, ரெண்டு பசங்கள ஆளுக்கொரு முனையில நிக்க வச்சு பதினஞ்சு தடவ போட்டு 1,500 மீட்டர் அளந்தாரு, அந்த எடத்துல ஒரு சவுக்குக் கம்ப ஊனி என் கடையில இருந்த செகப்புத் துணியக் கட்டுனோம், அங்க போய் கம்பச் சுத்தித் திரும்பி வந்தா சரியா 3 கிலோமீட்டர். போன கையில புடிச்சுக்கிட்டு ஓடுனா கை வீசி ஓட முடியாதுன்னு ரவிக்கைத் துணியில எலாஸ்டிக் வச்சு தோள்ல மாட்டுற மாதிரி ஒரு பட்டை தச்சேன், அஞ்சு பேருக்கும் பொருந்துற மாதிரி ஊக்கு மூணு எடத்துல வச்சேன்.

போன் யாரோடதுன்னா என் வீட்டுக்காரரோடது. சார் போன் பழசு, ஜிபிஎஸ் ஆன் பண்ணா பத்து நிமிஷத்துல அணைஞ்சுடும். மத்த வீடுகள்லயும் நல்ல போன் ஒன்னுதான் இருக்கும், அது அப்பாவோட கடலுக்குப் போயிடும், பாலித்தீன் பையில சுத்தி மடியில வச்சுக்கிட்டுத்தான் போவாங்க, காத்து மாறுனாலோ இன்ஜின் நின்னாலோ கரைக்குச் சொல்ல அது ஒன்னுதான். கொரோனாவுல 2020ல ஸ்கூல மூடுனப்பயும் இதே கதைதான், ஒரு போன வச்சுக்கிட்டு மூணு புள்ளைங்க ஆன்லைன் கிளாஸ் கேட்டுச்சுங்க, அப்பா கரைக்கு வந்தப்பறம்தான் பாடமே. இந்தத் தடவ எங்க வீட்டுக்காரர் போன வீட்டுல வச்சுட்டு, கூட வர்றவங்ககிட்ட போன் இருக்கு பாத்துக்குவோம்னு சொல்லிட்டு ராத்திரியே கெளம்பிட்டாரு. ஆடி மாசக் கடல்ல போன் இல்லாம போயிருக்காருன்னு எனக்கு அன்னைக்கு ராவெல்லாம் தூக்கம் இல்ல.

சனிக்கிழமை காலையில அஞ்சே முக்காலுக்கு முதல் புள்ளய விட்டோம். ஒரே போன்ங்கிறதால ஒருத்தர் வந்து பட்டையக் கழட்டிக் குடுத்தப்பறம்தான் அடுத்த ஆளு, ஒவ்வொருத்தருக்கும் ஆப்ல வெளிய வந்து திரும்ப அவங்க பேர்ல உள்ள போகணும், அப்படியே கடைசிப் பையன் ஓடி முடிக்கிறப்ப ஏழரை ஆயிடுச்சு, அவனுக்கு வெயிலு மண்டையப் பொளந்துச்சு பாவம். என் மக ரெண்டாவது ஆளு. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மா சொல்லல, கச்சான் காத்து மேக்க இருந்து மணல வாரிக் கால்ல அடிக்கிது, போறப்ப முழுசும் எதிர்காத்து. மேல உள்ள காஞ்ச மணல்ல கால் கணுக்கால் வரைக்கும் பொதையும், அதனால புள்ளைங்க எல்லாம் கீழ ஈர மணல்ல எறங்கி ஓடுச்சுங்க. கச்சான் காலத்துல எங்க பக்கத்துக் கடல் வத்தி உள்ள போயிடும், தென்கடல், அதான் மன்னார் வளைகுடா, சீறிக்கிட்டு இருக்குறப்ப வடகடல் கொளம் மாதிரி கெடக்கும், அதனாலதான் அத ஆண் கடல்னும் இத பெண் கடல்னும் சொல்றது. அன்னைக்கு நல்லாவே உள்வாங்கி இருந்துச்சு, கெட்டியான ஈர மணல் அகலமா தெரிஞ்சுச்சு, ஓடுறதுக்கு அதவிட நல்ல எடம் கெடையாது.

பாதி வழியில கரைவலை இழுத்துக்கிட்டு இருந்தாங்க. ரெண்டு பக்கக் கயிறும் கடல்ல இருந்து கரை வரைக்கும் இடுப்பு ஒசரத்துல விறைச்சு நிக்கிது, ஒரு கயித்துக்கு எட்டுப் பத்து ஆளு. புள்ள ஓடி வர்றதப் பாத்துட்டு முன்னாடி நின்ன என் அண்ணன், "ஏய் தாழ்த்துங்கடா, மருமக வருது"ன்னு ஒரு சத்தம் போட்டாரு பாருங்க, அத்தன பேரும் இழுக்குறத விட்டுட்டு கயித்த மணல்ல அமுக்கிப் புடிச்சாங்க, அவ ரெண்டு செகண்ட் நின்னு பாத்துட்டுத் தாண்டி ஓடுனா, திரும்பி வர்றப்பயும் அதே மாதிரி. வலை இழுக்குறவங்க பாதியில கைய விட்டா மீன் போயிடும்னு உங்களுக்குத் தெரியாதது இல்ல. அவ முடிச்ச நேரம் 15 நிமிஷம் 20 செகண்ட், செருப்பு கூட இல்லாம வெறுங்காலு.

செவ்வாய்க்கிழமை மெயில் வந்துச்சு, சார் கொண்டாந்து காட்டுனாரு. அஞ்சு பேரையும் சேத்துக்கலயாம். ரெண்டு காரணம் போட்டிருந்தாங்க. ஒன்னு, அஞ்சு பதிவும் ஒரே போன்ல இருந்து வந்திருக்கு. ரெண்டாவது, ஓடுன பாதையில பெரும்பகுதி கடலுக்குள்ள இருக்கு. மேப்போட படத்தயும் வச்சிருந்தாங்க, நிஜம்தான், நீலக் கடல்ல ஓரத்துல இருந்து தள்ளி கோடு நேராப் போயிருக்கு. சார் உடனே போட்டோ எல்லாம் அனுப்புனாரு, லிஸ்ட் முடிச்சாச்சுன்னு ஒரு வரியில பதில் வந்துச்சு. மக போன வாங்கி அந்தப் படத்தப் பெருசு பண்ணிப் பாத்துக்கிட்டே இருந்தா, அப்பறம் நீலத்துக்கு நடுவுல ஒரு எடத்துல வெரல வச்சு, "இங்கதாம்மா மாமா கயித்த தாழ்த்துனாரு"ன்னா.

ஐயா, இதுல என்ன நடந்திருக்குன்னு நானும் சாரும் உக்காந்து தேடிப் படிச்சோம். ஜிபிஎஸ்ங்கிறது மேல சுத்துற சாட்டிலைட்டுங்க அனுப்புற சிக்னல வாங்கி போன் தானே கணக்குப் போட்டு நிக்கிற எடத்தச் சொல்றது, கொறஞ்சது நாலு சாட்டிலைட் சிக்னல் கெடைச்சா போதும். கட்டடம் மரம் மறைக்காத தொறந்த வெளியில நல்லா வேலை செய்யும், அப்பவும் ஒரு 5 மீட்டர் இப்படி அப்படி இருக்கும். ஆக கடக்கரையில பெருசா தப்பு வர வழி இல்ல. கோடு சரியாத்தான் விழுந்திருக்கு, மேப்தான் வேற ஒரு நாள் கடல வச்சு வரைஞ்சது. கடலு ஆடியில ஒரு எடத்துல நிக்கும், ஐப்பசியில வாடைக்காத்துக்கு சவுக்குத் தோப்பு வரைக்கும் ஏறி வரும், அத ஒரே கோடா மேப்புல போட்டுட்டு அதுக்கு அந்தப் பக்கம் கால் வச்சவன் எல்லாம் தண்ணியில இருந்தான்னா எப்படி. படகுல போயிருப்பாங்கன்னு நெனைச்சிருந்தா அதுக்கும் பதில் இருக்கு, அந்த எடத்துல அன்னைக்கு வல்லம் தரை தட்டி நின்னுரும், அம்புட்டு தண்ணி கூட கெடையாது.

திருட்டுத்தனம் நடக்காதான்னு கேட்டா நடக்கும்தான், மாட்டேன்னு சொல்லல. போன பையில போட்டு டிவிஎஸ் வண்டியில போறவன் இருப்பான், அண்ணன ஓட விட்டுத் தம்பி பேர்ல அனுப்புறவன் இருப்பான், பாக்கத்தான் வேணும். ஆனா மேப்ப மட்டும் பாத்தா பத்தாது, அதே பதிவுல வேகமும் இருக்குல்ல. என் மகளோட பதிவுல போறப்ப எதிர்காத்துல வேகம் கொறஞ்சிருக்கு, கம்பச் சுத்தித் திரும்பினதும் கூடியிருக்கு, கயிறுகிட்ட ரெண்டு தடவ டக்குன்னு எறங்கி ஏறியிருக்கு. படகோ வண்டியோ போயிருந்தா அப்படி வராது. ஒரு நிமிஷம் பாத்திருந்தா இது ஒரு புள்ளயோட மூச்சுன்னு தெரிஞ்சிருக்கும்.

சரி, சேத்துக்கிட்டிருந்தாதான் என்ன ஆயிருக்கும், அது இன்னொரு வருத்தம், இதுதான் நான் முக்கியமா சொல்ல வந்தது. லிஸ்ட நேரத்த வச்சுப் போட்டிருக்காங்க, யாரு கொறஞ்ச நிமிஷத்துல ஓடுனாங்களோ அவங்க மேல. முன்னாடி இருக்குற புள்ளைங்க 11 நிமிஷம் 12 நிமிஷம்னு ஓடியிருக்கு, நல்ல ஓட்டம்தான், அந்தப் புள்ளைங்கள நான் கொறையே சொல்லல, ஆனா பாதி படத்துல தார் ரோடு, இல்லன்னா ஸ்டேடியத்து ட்ராக். மணல்ல ஓடுறதும் தார் ரோட்டுல ஓடுறதும் ஒன்னா? பெல்ஜியத்துல 1998ல சோதனை பண்ணிப் பாத்திருக்காங்க, கெட்டித் தரையில ஓடுறதுக்கு ஆகுற தெம்பப் போல கால் பொதையிற மணல்ல ஓட 1.6 மடங்கு ஆகுதாம், நடக்குறதுக்கே ரெண்டு மடங்குக்கு மேல. தலையில கருவாட்டுக் கூடையோட மணல்ல நடக்குற எங்க ஊர்ப் பொம்பளைங்களக் கேட்டிருந்தா சோதனை இல்லாமலே சொல்லியிருப்பாங்க.

இதுல வேடிக்கை இல்ல, வேதனை என்னன்னா கிராஸ் கன்ட்ரிங்கிற ஓட்டமே ரோட்டுக்கும் ட்ராக்குக்கும் எதிரானது. 19ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்து ஸ்கூல் பசங்க வயக்காடு, சேறு, வேலி, ஓடைன்னு தாண்டி ஓடி வெளையாடுனதுல இருந்து வந்தது. ஒலிம்பிக்ல 1912, 1920, 1924ன்னு மூணு தடவ இருந்துச்சு, 1924 பாரிஸ்ல வெயில் தாங்காம 38 பேரு ஓடுனதுல 15 பேருதான் முடிச்சாங்க, அதோட ஒலிம்பிக்ல இருந்து எடுத்துட்டாங்க. 1973ல இருந்து அதுக்குன்னு தனியா உலகப் போட்டி நடக்குது. ஆனா இன்னைக்கு வரைக்கும் கிராஸ் கன்ட்ரிக்கு உலக சாதனை நேரம்னு ஒன்னு கெடையாது, ஏன்னா ஒரு எடம் மாதிரி இன்னொரு எடம் இருக்காது, நேரத்த ஒப்பிட முடியாதுன்னு அந்த ஓட்டம் தெரிஞ்சவங்க முடிவு பண்ணி வச்சிருக்காங்க. டீம் கணக்கு கூட நேரத்துல இல்ல, யாரு எத்தனாவதா வந்தாங்கங்கிற எண்ணக் கூட்டுறாங்க, உலகப் போட்டியில ஆறு பேரு ஓடுனா முதல் நாலு பேரோட எண்ணக் கூட்டி எது கொறச்சலோ அந்த டீம் ஜெயிக்கும். இப்படி நேரமே வேணாம்னு இருக்குற ஒரு ஓட்டத்த எடுத்து, ஊருக்கு ஊரு தரை மாறுற ஆன்லைன்ல கொண்டாந்து, வெறும் நேரத்த வச்சு தமிழ்நாடு பூரா உள்ள புள்ளைங்கள வரிசைப்படுத்துனா அது என்ன நியாயம்னு கேக்குறேன்.

நீங்களும் ரோட்டுல ஓட வேண்டியதுதானேன்னு சொல்லுவாங்க, சிலர் சொல்லிட்டாங்க. எங்களுக்குன்னு உள்ள நல்ல ரோடு ராமேஸ்வரம் ரோடுதான், விடியக்காலையில எந்தெந்த ஊர் வேனோ தூக்கக் கலக்கத்துல வந்துக்கிட்டு இருக்கும், அந்த ரோட்டுல பதிமூணு வயசுப் புள்ளய விட எந்தத் தாய்க்கு மனசு வரும்.

2020 அக்டோபர் 4ல லண்டன் மாரத்தான் கொரோனாவால இதே மாதிரி நடந்துச்சு, பெரிய வீரர்கள மட்டும் ஒரு பார்க்குல ஓட விட்டுட்டு மத்த ஜனங்க அவங்கவங்க ஊர்ல 24 மணி நேரத்துக்குள்ள 42 கிலோமீட்டர் சொச்சத்த முடிச்சாப் போதும்னு சொன்னாங்க, நடந்தே முடிச்சவங்களுக்கும் மெடல். பெரியவங்களுக்கே அப்படின்னா புள்ளைங்களுக்கு ஏன் கூடாது. வரிசை வேணும்னா தரை தரையா பிரிங்க, மணல் தனி, தார் ரோடு தனி, கரிசக்காடு புல்லுத்தரை தனி. இல்லன்னா எங்க சார் சொல்ற மாதிரி அதே புள்ளய அதே எடத்துல ரெண்டு மூணு வாரம் விட்டு ரெண்டு தடவ ஓட விடுங்க, யாரு எம்புட்டு முன்னேறிச்சுன்னு பாத்துப் பரிசு குடுங்க, அப்ப மணலும் ரோடும் சண்டைக்கு வராது. ஒரு போன்ல பல பேரு ஓடலாம்னு முன்கூட்டியே எழுதி வைங்க. சந்தேகம் வந்தா கழிக்கிறதுக்கு முன்னாடி அந்த ஸ்கூல் பிடி சாருக்கு ஒரு போன் போடுங்க, கூட நின்னு பாத்தவரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா அத நம்புங்க. இதுக்கெல்லாம் பெருசா காசு ஆகப் போறதில்ல.

இன்னும் ஓடப் போற புள்ளைங்களோட அம்மா அப்பாவுக்கு நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்ட ரெண்டு விஷயம். டவர் இல்லாட்டியும் ஜிபிஎஸ் வேலை செய்யும், சிம் கூட வேணாம், ஓடி முடிச்சப்பறம் அனுப்புறதுக்குத்தான் நெட் வேணும், அதனால டவர் கெடைக்காத கடக்கரைன்னு புள்ளய ஓட விடாம இருந்துடாதீங்க. அப்பறம் போன்ல பேட்டரி சேவர் போட்டிருந்தா ஸ்கிரீன் அணைஞ்சதும் சில போன்ல ஆப்ப நிறுத்திடும், முதல் புள்ளைக்கு அப்படித்தான் 400 மீட்டர்ல பதிவு நின்னுபோயி திரும்ப முதல்ல இருந்து ஓட வேண்டியதாச்சு, மொதல்லயே செட்டிங்ஸ்ல அத எடுத்து விட்டுருங்க.

பக்கத்து புதுக்கோட்டை மாவட்டத்து ஜி. லட்சுமணன் 2017ல புவனேஸ்வர் ஆசியத் தடகளப் போட்டியில 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ரெண்டுலயும் தங்கம் வாங்குனாரு. அந்தப் பேர பிடி சாரு எங்க புள்ளைங்ககிட்ட அடிக்கடி சொல்லுவாரு. அதுல இருந்து என் மக ஸ்கூல் நோட்டுப் பின்னட்டையில 5,000ன்னு எழுதி வச்சிருக்கா, என்னன்னு நான் கேக்கல.

இப்ப சார் என்ன ஏற்பாடு பண்ணிக்கிட்டு இருக்காருன்னா, தை பொறந்ததும் எங்க கடக்கரையிலயும் தென்கடல் பக்கத்து ரெண்டு மூணு ஊர்லயும் ஒரே நாள் காலையில புள்ளைங்கள ஓட விட்டு, ஊருக்குள்ள யாரு எத்தனாவதுங்கிற எண்ண மட்டும் போன்ல சொல்லிக் கூட்டிக்கிறதா பேசியிருக்காங்க, எல்லாருக்கும் மணலு, கயிறு வச்சு அளந்த தூரம், ஆப் வேணாம், விசில் போதும். கம்புல கட்ட செகப்புத் துணி அம்புட்டுக்கும் நான் தர்றேன்னு சொல்லிட்டேன். தேதி முடிவானதும் உங்க ராமநாதபுரம் ஆபீசுக்குத் தெரியப்படுத்துறோம், யாராச்சும் ஒரு நிருபர அனுப்பி வைங்க ஐயா, அஞ்சே முக்காலுக்கெல்லாம் தொடங்கிடுவோம், வெயில் ஏறுறதுக்கு முன்னாடி முடிக்கணும்.

இப்படிக்கு,
எட்டாவது படிக்கிற புள்ளயோட அம்மா,
மண்டபம் பக்கம், ராமநாதபுரம் மாவட்டம்.